சாயங்கால வெந்நீர்க் குளியலும் ராத்தூக்கமும்: அத்தைக்காக யோசனை கேட்கிறேன்

கோத்தகிரி மருமகள் | டிசம்பர் 4, இரவு 11:20

எல்லாருக்கும் வணக்கம். பக்கத்து அறையில என் அத்தை இன்னும் முழிச்சுக்கிட்டுத்தான் கிடக்காங்க. கட்டில் கிறீச்சிடற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. அதைக் கேட்டுக்கிட்டு எனக்கும் படுக்க மனசு வரல, எழுத உட்கார்ந்துட்டேன்.

அத்தைக்கு 71 வயசு. முப்பத்திரண்டு வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தவங்க. தலை சாய்ச்ச அஞ்சாவது நிமிஷம் அசந்து தூங்கின மனுஷி. பனி இறங்கின நாள்ல இருந்து தூக்கம் தள்ளிப் போயிடுச்சு. ஒன்பதரைக்குப் படுக்கறாங்க, ரெண்டு மணி வரைக்கும் புரள்றாங்க, அப்புறம் கண்ணசந்து அஞ்சு மணிக்கெல்லாம் எழுந்துடறாங்க. பகல்ல வெயில் காயும்போதே தலை தொங்கிடுது.

எனக்குப் பிறந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். எங்க ஊர்ல வேலை முடிஞ்சு சாயங்காலம் தலைவழியா ரெண்டு வாளி ஊத்திக்கிட்டாப் போதும், கண்ணு தானா சொருகும். அந்த நினைப்புல நாலு நாளா அத்தையை ராத்திரி ஒன்பதே காலுக்கு ஆவி பறக்கற வெந்நீர்ல தலைக்குக் குளிக்க வச்சு, துவட்டி, உடனே ரெண்டு கம்பளியைப் போர்த்திப் படுக்க வைக்கறேன். முன்னைவிட மோசமாயிடுச்சு. "உடம்பு கணகணன்னு இருக்கு, நெஞ்சு படபடங்குது"ன்னு கம்பளியை உதறிடறாங்க. ஒரு மணி நேரம் கழிச்சுத் தொட்டுப் பார்த்தா பாதம் மட்டும் சில்லிட்டுக் கிடக்கு.

எங்க தப்பு பண்றேன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.


பூம்பாறை தம்பி | டிசம்பர் 5, காலை 6:05

அக்கா, தலைக்கு ஊத்தறதை முதல்ல நிறுத்துங்க. மேலுக்கு மட்டும் போதும். மார்கழிக் குளிர்ல ராத்திரி நனைஞ்ச முடி விடியற வரைக்கும் காயாது. அந்த ஈரத்தோட படுத்தா தலை சில்லுன்னே இருக்கும், அதுவே தூக்கத்தைக் கெடுத்துடும். எங்க அம்மா தலைக்குக் குளிக்கறதை வெயில் ஏறின பதினொரு மணிக்கு வச்சுக்குவாங்க. ராத்திரி மேலுக்குத்தான்.


இரவுப்பணி செவிலி | டிசம்பர் 5, காலை 8:40

சகோதரி, நீங்கள் செய்தது நல்ல காரியம்தான். நேரம் மட்டும் சரியாக அமையவில்லை. இரவுப்பணி முடித்து ஊட்டி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடம்பின் உள்சூடு நாள் முழுக்க ஒரே அளவில் நிற்பதில்லை. சாயங்காலம் உச்சத்துக்குப் போகும், ராத்திரி ஏற ஏற இறங்கும், விடிவதற்கு முன் மிகவும் தாழ்ந்திருக்கும். அந்த இறக்கம் தொடங்கும்போதுதான் நமக்குத் தூக்கம் வருகிறது. வெந்நீர்க் குளியல் இந்த இறக்கத்துக்குத்தான் உதவி செய்கிறது. சூடான தண்ணீர் பட்டதும் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ரத்தக் குழாய்கள் விரியும். உள்ளே இருக்கிற சூடு அந்த வழியாக வெளியேறும். குளித்து முடித்த ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் உள்சூடு இறங்கிவிடும்.

நீங்கள் குளிக்க வைத்த கையோடு கம்பளி போர்த்திவிட்டீர்கள். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை மூடித் துணி சுற்றி வைத்தால் எப்படி ஆறும்? சூடு வெளியேற வழியில்லாமல் உடம்பு திணறியிருக்கிறது. படபடப்புக்கும் ஆவி பறக்கும் சூடு ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தினர் 2019இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சலித்துப் பார்த்துச் சொன்ன அளவு இது: தண்ணீர் 40 முதல் 42.5 டிகிரி செல்சியஸ், படுப்பதற்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்னால், பத்து நிமிடமே போதும். தூக்கம் சராசரியாகப் பத்து நிமிடம் முன்னதாக வருகிறது என்றார்கள். பத்து நிமிடம்தானா என்று தோன்றும். ஆனால் இதில் மாத்திரை இல்லை, செலவு இல்லை, மறுநாள் மந்தமும் இல்லை. தினமும் ஒரே நேரத்தில் செய்யும்போது உடம்பு அந்த வேளையைப் பழகிக்கொள்கிறது என்பதை என் நோயாளிகளிடம் பார்த்திருக்கிறேன்.

அத்தைக்கு 40ஐத் தாண்ட வேண்டாம். இன்னொன்று, பாதம் சில்லிட்டிருந்தது என்றீர்களே, அதை விட்டுவிடாதீர்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் 1999இலேயே கையும் காலும் கதகதப்பாக இருந்தால் தூக்கம் சீக்கிரம் பிடிக்கிறது என்று எழுதிவிட்டார்கள். பாதம் சில்லிட்டுக் கிடந்தால் அங்கே குழாய்கள் சுருங்கியிருக்கின்றன என்று பொருள். சூடு வெளியேறும் கதவே அடைத்துக்கிடக்கிறது.


கோத்தகிரி மருமகள் | டிசம்பர் 5, மதியம் 1:15

சிஸ்டர், ராத்திரியெல்லாம் வேலை பார்த்துட்டு வந்து எனக்காக இவ்வளவு எழுதியிருக்கீங்க. ரொம்ப நன்றி. போர்த்திவிட்டது இப்படி வேலை செய்யும்னு நினைச்சுக்கூடப் பார்க்கல. இன்னைக்கே நேரத்தை மாத்தறேன்.

எங்க குளியலறை வீட்டுக்குப் பின்னால தனியா இருக்கு. தகரக் கூரை. அங்கே போய்த் திரும்பறதுக்குள்ள குளிர் எலும்புல ஏறிடுது. தெர்மாமீட்டரும் இல்ல. 40 டிகிரிங்கறதை எப்படிக் கண்டுபிடிக்கறது?


குழாய் அண்ணன் | டிசம்பர் 5, இரவு 7:50

இருபத்தாறு வருஷமா குன்னூர், கோத்தகிரி வீடுகளுக்குக் குழாய் வேலை பார்க்கறேன். அளவை நான் சொல்றேன் தங்கச்சி.

கோத்தகிரி 1,800 மீட்டருக்குப் பக்கத்துல இருக்கற ஊர். அங்கே தண்ணி 100 டிகிரிக்குப் போகாது, 94லயே கொதிச்சிடும். மார்கழியில தொட்டித் தண்ணி 14 டிகிரி இருக்கும்னு வச்சுக்கோங்க. 20 லிட்டர் வாளிக்கு 13 லிட்டர் பச்சைத் தண்ணி, 7 லிட்டர் கொதிநீர். வாளி, காத்து எல்லாம் ரெண்டு டிகிரி இழுத்துக்கும், 40ல வந்து நிக்கும். வாளியில ஒரு கோடு போட்டு வச்சுட்டா தினமும் யோசிக்க வேண்டாம். பச்சைத் தண்ணியை முதல்ல ஊத்திட்டு அதுமேல கொதிநீரை விளாவணும். மாத்திச் செஞ்சா, நீங்க சொம்பு எடுக்கத் திரும்பின நேரத்துல குழந்தையோ வயசானவங்களோ வெறும் கொதிநீர்ல கை விட்டுடுவாங்க. 60 டிகிரித் தண்ணி அஞ்சே செகண்டுல தோலை வேக வச்சிடும்.

விளாவினதும் முழங்கையை விட்டுப் பாருங்க. சுகமா இருக்கணும், சுளீர்னு இருக்கக் கூடாது.

தகரக் கூரைக்கு ஒரு வழி இருக்கு. அவங்களைக் கூப்பிடறதுக்கு முன்னாடி ரெண்டு சொம்பு சுடுதண்ணியைத் தரையிலயும் உட்காரப் போற இடத்துலயும் ஊத்திடுங்க. சிமெண்ட் தரையோட கடுப்பு போயிடும். உட்கார மரப் பலகையோ ஸ்டூலோ போடுங்க, நிக்க வச்சுக் குளிப்பாட்டாதீங்க. துண்டு, மாத்துத் துணி, ஸ்வெட்டர் எல்லாம் உள்ளேயே இருக்கட்டும். துவட்டி, உடுத்தி, தலையில மஃப்ளர் கட்டி, அப்புறம்தான் கதவைத் திறக்கணும். ஈர உடம்பு மேல மலைக்காத்து பட்டா நீங்க சேர்த்த சூடெல்லாம் ஒரு நொடியில போயிடும்.


மன்னவனூர் காடு | டிசம்பர் 6, காலை 5:30

எதுக்கு இத்தனை சிரமம்? நான் கேரட் காட்டுல வேலை முடிச்சு வாய்க்கால் தண்ணியிலதான் குளிக்கறேன், கொடைமலைக் குளிர்ல. படுத்தா அடுத்த நிமிஷம் தூக்கம். வெந்நீர் உடம்பைச் சொகுசாக்கிடும்னு எங்க தாத்தா சொல்வாரு.


இரவுப்பணி செவிலி | டிசம்பர் 6, காலை 9:10

தம்பி, உங்களுக்கு அது ஒத்துப்போகிறது, மகிழ்ச்சி. நீங்கள் நாள் முழுக்க மண் வெட்டி, வேர்த்து, வெயில் இருக்கும்போதே குளிக்கிறீர்கள். 71 வயதுக்காரர் மேல் திடீரென்று குளிர்ந்த தண்ணீர் பட்டால் ரத்தக் குழாய்கள் இறுகும், ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும், இதயம் வேகமாக அடிக்கும். தயவுசெய்து யாரும் இதை வீட்டுப் பெரியவர்களிடம் சோதித்துப் பார்க்க வேண்டாம்.


மன்னவனூர் காடு | டிசம்பர் 6, காலை 9:45

சரிங்க சிஸ்டர். வயசை நினைச்சுப் பார்க்காமச் சொல்லிட்டேன். என் சொல் என்னோட இருக்கட்டும்.


லயத்துப் பேரன் | டிசம்பர் 6, இரவு 8:25

கொழுந்து எடுத்தவங்கன்னு படிச்சதும் என் அப்பாயி ஞாபகம் வந்துடுச்சு, அதான் எழுதறேன்.

1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையில இருந்து திரும்பின குடும்பம் எங்களுது. பந்தலூர் பக்கம் தோட்டத்து லயத்துலதான், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுலதான் நான் வளர்ந்தேன். பத்து வீட்டுக்கு ஒரு குழாய், குளிக்க மறைவான இடம் கிடையாது. தினமும் மேலுக்குக் குளிக்க வழி இல்லாததால அப்பாயி முழங்காலுக்குக் கீழே மட்டும் ஒரு முறையா வச்சிருந்துச்சு.

வேலை விட்டு வந்து அடுப்புல தண்ணி வச்சிடும். அகலமான அலுமினியச் சட்டியில விளாவி, அடுப்படிக்கு முன்னாடியே மணை போட்டு உட்கார்ந்து ரெண்டு காலையும் உள்ளே விடும். மழைக்காலம்னா கணுக்கால் முழுக்க அட்டை கடிச்ச வடு இருக்கும். வெந்நீர் பட்டதும் அது அரிக்கும். அப்பாயி சொறியாது, வேட்டித் துணியைச் சுருட்டி மேல வச்சு அழுத்திக்கும். விரல் நுனியில இருக்கற கொழுந்துக் கறை மட்டும் எவ்வளவு தேச்சாலும் போகாது. எலுமிச்சைத் தோலால ஒவ்வொரு நகக்கண்ணா தேய்க்கும். தேங்காய் எண்ணெய் மலையில கல்லா உறைஞ்சு கிடக்குமே, அந்த பாட்டிலையும் அதே சட்டியில ஓரமா நிறுத்தி வச்சிடும். கால் ஊறி முடிக்கறதுக்குள்ள எண்ணெய் உருகி நிக்கும். அதை எடுத்து வெடிச்ச குதிகால்ல பூசி, பழைய காலுறை ஒண்ணை மாட்டிக்கும்.

அதெல்லாம் ஏழு மணிக்குள்ள. பிறகு கஞ்சி, கொஞ்ச நேரம் பக்கத்து வீட்டோட பேச்சு, எட்டரைக்குப் படுக்கை. அப்பாயி தூக்கம் வரலைன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. சிஸ்டர் சொன்ன பாசல் ஊர் ஆராய்ச்சியைப் படிச்சப்போ எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு. எழுத்து தெரியாத மனுஷி, அடுப்படியில உட்கார்ந்து அதைத்தானே செஞ்சுக்கிட்டு இருந்துச்சு.


கோத்தகிரி மருமகள் | டிசம்பர் 7, மதியம் 2:30

இதை அத்தைக்குப் படிச்சுக் காட்டினேன். எலுமிச்சைத் தோல்னு கேட்டதும் தன் விரலைப் பார்த்துக்கிட்டாங்க. "நாங்க புளியால தேய்ப்போம்"னாங்க. இன்னைக்கு ராத்திரி அதேமாதிரி கால் ஊற வைக்கப் போறேன்.

முன்னாடியே எழுதியிருக்கணும், அத்தைக்குப் பதினாலு வருஷமா சர்க்கரை இருக்கு. பிரஷர் மாத்திரையும் போடறாங்க.


இரவுப்பணி செவிலி | டிசம்பர் 7, மதியம் 2:50

சகோதரி, நல்ல வேளை சொன்னீர்கள். இன்றைக்குக் கால் ஊற வைக்க வேண்டாம். முதலில் இதைப் படியுங்கள்.

பதினாலு வருடச் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி மங்கியிருக்க வாய்ப்பு அதிகம். தண்ணீர் சுடுகிறது என்று அவர் கால் அவருக்குச் சொல்லாது. இதமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே கொப்புளம் வாங்கி வந்தவர்களுக்கு நான் கட்டுப்போட்டிருக்கிறேன். அந்தப் புண் ஆறுவதற்கு மாதக்கணக்கு ஆகும், சிலருக்கு விரலையே எடுக்க வேண்டி வந்தது.

அதனால் அவர் பாதத்தில் படும் தண்ணீர் 37 டிகிரிக்குக் கீழே இருக்கட்டும். உங்கள் முழங்கைக்குச் சூடு என்றே தோன்றக் கூடாது, வெதுவெதுப்போடு நிற்க வேண்டும். ஊற வைக்காமல் கழுவினால் போதும். அவர் கையால் பதம் பார்க்கச் சொல்லாதீர்கள், உங்கள் முழங்கைதான் அளவுகோல். கழுவியதும் விரலிடுக்கை மெல்லிய துணியால் ஒற்றி ஈரம் போக்குங்கள். எண்ணெயைக் குதிகாலுக்கும் பாதத்துக்கும் பூசுங்கள், விரலிடுக்கில் வேண்டாம். அப்படியே உள்ளங்காலை நன்றாகப் பாருங்கள். வெடிப்பு, சிவப்பு, கறுத்த புள்ளி ஏதாவது இருந்தால் மறுநாளே மருத்துவரிடம் போங்கள். வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துப் படுக்கும் பழக்கம் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். காலுறை போதும், மேல் பட்டை இறுக்காததாக.

மேலுக்குக் குளிக்க 40 டிகிரி சரிதான், பாதத்தைத் தனியாகக் கவனியுங்கள். வாளித் தண்ணீரைக் கால்வரை வழியவிடாமல் முதுகு, தோள், கை என்று துணியில் நனைத்துத் துடைத்தாலும் குளியல்தான். பிரஷர் மாத்திரை போடுகிறவர்களுக்கு வெந்நீரில் ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கும், சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். எழுப்புவதற்கு முன் ஒரு நிமிடம் உட்கார வையுங்கள், கையைப் பிடித்தே எழுப்புங்கள்.

அந்த மாத்திரைகளில் நீர் பிரியும் மாத்திரை இருக்கிறதா? எந்த வேளையில் கொடுக்கிறீர்கள்?


லயத்துப் பேரன் | டிசம்பர் 7, மாலை 4:10

அக்கா, சர்க்கரை இருக்குன்னு தெரியாம எழுதிட்டேன். சிஸ்டர் சொன்னபடியே செய்யுங்க.


வெலிங்டன் வாசி | டிசம்பர் 8, இரவு 9:00

இந்த இழையைப் படிக்கறவங்க எல்லாரும் ராத்திரி வெந்நீர் போட ஆரம்பிப்பீங்க. அதனால இதைச் சொல்லியே ஆகணும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஜனவரியில எங்க வீட்டுல கேஸ் கீசர் மாட்டினோம். மாட்ட வந்தவர் குளியலறைக்குள்ளேயே, கதவுக்குப் பின்னால மாட்டிட்டுப் போயிட்டாரு. குளிருக்குப் பயந்து ஜன்னல் இடுக்கெல்லாம் நானே பேப்பர் திணிச்சு அடைச்சேன். ஒன்பதாவது நாள் என் மனைவி குளிக்கப் போனாங்க. தண்ணி விழற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு, கூப்பிட்டா பதில் இல்ல. கதவை உடைச்சுத்தான் தூக்கினேன். உயிரோட மீண்டாங்க. இன்னும் அந்தக் கதவு உடைஞ்ச சத்தம் என் காதுல இருக்கு.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்துல ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்துல அது போய் உட்கார்ந்துக்கும். முதல்ல தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். அதுக்குள்ள கை கால் ஓடாது. கேஸ் கீசர் வெளியேதான் இருக்கணும், உள்ளே குழாய் மட்டும். கரி அடுப்பை உள்ளே வச்சுக் கதவைச் சாத்திக் குளிர் காயறதும் இதே ஆபத்துதான். ஊட்டியிலயும் கொடைக்கானல்லயும் அறைக்குள்ள கரி மூட்டிப் படுத்தவங்க விடியும்போது எழுந்திருக்காத செய்தி குளிர்காலத்துல வந்துக்கிட்டேதான் இருக்கு.


குழாய் அண்ணன் | டிசம்பர் 8, இரவு 9:35

அய்யா, அக்கா பிழைச்சதுக்கு ஆண்டவனுக்கு நன்றி. நீங்க சொன்னது ஒவ்வொண்ணும் உண்மை. இதே காரணத்துக்காக நான் மூணு வீட்டுல மாட்ட மாட்டேன்னு சொல்லி வேலையை விட்டிருக்கேன். குளியலறையில மேலே ஒரு காத்துப்போக்கி, கீழே கதவடியில இடைவெளி, ரெண்டும் வேணும். அதை அடைக்கவே கூடாது. கரன்ட் ராடு போடறவங்க சுவிட்சை அணைச்சு, பிளக்கைப் பிடுங்கின பிறகுதான் தண்ணியைத் தொடணும். தங்கச்சி, உங்க வீட்டுல எதுல தண்ணி காயுது?


கோத்தகிரி மருமகள் | டிசம்பர் 8, இரவு 9:50

சமையலறை விறகடுப்புலதான் அண்ணா, சீகை விறகு. அங்கேயே காய வச்சு வாளியில தூக்கிட்டுப் போவேன். படிச்சதும் நெஞ்சு பதறிடுச்சு. அத்தை அறையில ராத்திரி சின்ன கணப்பு வைக்கற வழக்கம் இருந்துச்சு. இப்பவே தூக்கி வெளியே வச்சுட்டேன்.

நீர் மாத்திரை இருக்கு சிஸ்டர். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கொடுக்கறேன்.


இரவுப்பணி செவிலி | டிசம்பர் 9, காலை 8:30

கணப்பை வெளியே வைத்தது பெரிய காரியம். நீர் மாத்திரையை ராத்திரி போட்டால் நாலைந்து தடவை எழுந்து போக வேண்டியிருக்கும், தூக்கம் துண்டு துண்டாகும். காலைக்கு மாற்றலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக மாற்றாதீர்கள்.

டீ எத்தனை தடவை?


கோத்தகிரி மருமகள் | டிசம்பர் 9, காலை 11:00

மலைக்காரங்க வீடு சிஸ்டர். காலையில ரெண்டு, பதினொரு மணிக்கு ஒண்ணு, நாலு மணிக்கு ஒண்ணு, ராத்திரி ஏழு மணிக்கு வெல்லம் கடிச்சுக்கிட்டு ஒரு கடுங்காப்பியும் உண்டு. சர்க்கரைக்காகத்தான் வெல்லம்னு சொல்லிக்குவாங்க.


இரவுப்பணி செவிலி | டிசம்பர் 9, காலை 11:20

ஏழு மணிக் கடுங்காப்பியின் பாதி வீரியம் நள்ளிரவிலும் உடம்பில் நிற்கும். மதியம் இரண்டு மணிக்குப் பிறகு டீயும் காப்பியும் வேண்டாம். சுக்கு, மல்லி தட்டிப் போட்ட வெந்நீர் கொடுங்கள். வெல்லமும் சர்க்கரையை ஏற்றும், அதையும் மெல்ல நிறுத்துங்கள்.


தேனாடு பெண் | டிசம்பர் 10, மாலை 6:45

குளிக்கற தண்ணியில கற்பூரத் தைலம், அதான் யூகலிப்டஸ் தைலம், ரெண்டு சொட்டு விடலாமா? இந்த மலையில தைலத்துக்கா பஞ்சம்? அந்த வாசனைக்கே மனசு அமைதியாகுதே.


குழாய் அண்ணன் | டிசம்பர் 10, இரவு 8:00

தைலம் தண்ணியில கரையாது தங்கச்சி. மேல மிதந்து அப்படியே தோல்ல ஒட்டும், எரியும். என் மகளுக்கு ஆறு வயசுல ஒரு தடவை அப்படி ஆகிக் கழுத்தெல்லாம் சிவந்துடுச்சு. 1843ல விறகுக்காக ஆஸ்திரேலியாவுல இருந்து நீலகிரிக்கு வந்த மரம் அது. இலையோட வாசனை வேணும்னா நாலு இலையைக் கசக்கித் துணியில முடிஞ்சு, சுடுதண்ணி ஊத்தின தரையில ஓரமாப் போட்டு வைங்க. ஆவியோட வாசனை அறை முழுக்க வரும், தோல்ல படாது. கைக்குழந்தை இருக்கற வீட்டுல அதுவும் வேண்டாம். தைலம் வாய்க்குள்ள போனா விஷம், பாட்டிலை உசரத்துல வைங்க.


கோத்தகிரி மருமகள் | டிசம்பர் 16, இரவு 9:55

ஒரு வாரமா நடக்கறதை எழுதறேன்.

ஏழரைக்குக் குளியல். "கூழானாலும் குளித்துக் குடி"ன்னு அத்தையே சொல்லி, சாப்பாட்டுக்கு முன்னாடிதான் குளிப்பேன்னு நின்னாங்க. அதுவே நேரத்துக்கும் சரியா வந்துடுச்சு. ஏழே முக்காலுக்கு முடியும், எட்டு மணிக்குச் சாப்பாடு, ஒன்பதரைக்குப் படுக்கை.

முதல் மூணு நாள் பெரிசா ஒண்ணும் மாறல. மனசு உடைஞ்சுதான் போச்சு. நாலாம் நாள்ல இருந்து படபடப்பு இல்ல. படுத்தா பன்னிரண்டரைக்குள்ள தூங்கிடறாங்க. டாக்டரைப் பார்த்தோம், நீர் மாத்திரையைக் காலைக்கு மாத்திக் கொடுத்தாரு, பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருக்குன்னும் சொன்னாரு. சிஸ்டர், நீங்க அன்னைக்குத் தடுக்காம இருந்திருந்தா நான் என்ன செஞ்சிருப்பேனோ.

இன்னொண்ணும் சொல்லணும். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்துல அத்தை முதுகை நான் தேய்ச்சுவிட்டதே கிடையாது. கூடைக் கயிறு அழுத்தின தடம் உச்சந்தலைக்கு முன்னால இன்னும் பள்ளமா இருக்கு, அந்த இடத்துல முடியே இல்ல. சோப்புத் துணியோட கழுத்துக்கிட்ட போனப்போ, "அந்த இடத்துல கொஞ்சம் அழுத்து"ன்னாங்க. அப்படியே அழுத்திக்கிட்டு நின்னேன். முதல் தடவையா தன் அம்மாவைப் பத்திப் பேசினாங்க.


பூம்பாறை தம்பி | டிசம்பர் 17, காலை 6:10

அக்கா, படிச்சதும் எங்க அம்மா கிட்ட காட்டினேன். சாப்பிட்டதுக்கும் படுக்கறதுக்கும் நடுவுல ஒன்றரை மணி நேரம் இருக்கே, அதுல என்ன செய்யறாங்க? எங்க அப்பா அந்த நேரத்துல போனைப் பார்த்துக்கிட்டு இருக்காரு, அதோட தூக்கம் போயிடுது.


கோத்தகிரி மருமகள் | டிசம்பர் 17, மதியம் 3:00

அதுலதான் ரொம்பப் போராட்டம் தம்பி. அத்தைக்கு எட்டரை மணி சீரியல் உயிர். நிறுத்தச் சொன்னா முகம் வாடிடுது. இப்போ டிவியை ஏழு மணி சீரியலோட முடிச்சுக்கறோம். எட்டரை மணிக் கதையை மறுநாள் மதியம் பேத்தி போன்ல போட்டுக் காட்டறா.

ராத்திரி பெரிய லைட்டை அணைச்சிடறேன். அடுப்படியில சின்ன மஞ்சள் பல்பு மட்டும். அத்தை முறத்துல பட்டாணியை வச்சு உரிக்கறாங்க. தோல் பிரியற சத்தம், உருண்டை பாத்திரத்துல விழற சத்தம், அவ்வளவுதான். கை ஓட ஓட கொட்டாவி வந்துடுது. பட்டாணி தீர்ந்துட்டா பூண்டு.


கூடலூர் மழை | டிசம்பர் 19, இரவு 7:30

எங்க தெருவுக்குத் தண்ணி நாலு நாளைக்கு ஒரு தடவைதான். தினமும் இருபது லிட்டர் குளியலுக்கு எங்கே போறது?


இரவுப்பணி செவிலி | டிசம்பர் 20, காலை 8:50

முழுக் குளியல் கட்டாயமில்லை. ஐந்து லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் முகம், முழங்கை வரை கை, முழங்கால் வரை கால் கழுவித் துடைத்தாலே போதும். சூடு வெளியேறும் வாசல்கள் அங்கேதான் இருக்கின்றன. நேரம் மட்டும் தவறக் கூடாது.

இன்னொன்றையும் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். வாரத்தில் மூன்று இரவுக்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் தூக்கம் வராமல் இருந்தால் வெந்நீரை மட்டும் நம்பி இருக்காதீர்கள். பலமான குறட்டையும் நடுவே மூச்சு நிற்பதும், ராத்திரி காலை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுவதும், விடியுமுன் விழித்து மனம் கனத்துக் கிடப்பதும் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை.


கோத்தகிரி மருமகள் | ஜனவரி 9, காலை 10:15

ஒரு மாசத்துக்கு மேல ஆயிடுச்சு. வாரத்துல அஞ்சு ராத்திரி பத்தே முக்கால், பதினொண்ணுக்குள்ள தூங்கிடறாங்க. மத்த ரெண்டு நாள் இன்னும் தள்ளித்தான் போகுது. உறைபனி கொட்டற ராத்திரியில என்ன செஞ்சாலும் சிரமமாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு மணி வரைக்கும் புரள்றது போயிடுச்சு. பகல்ல தலை தொங்கறது குறைஞ்சு, தோட்டத்துல பீன்ஸ் கொடிக்குக் குச்சி நட ஆரம்பிச்சுட்டாங்க.

நேத்து மழைத்தூறல்ல விறகு நனைஞ்சு, தண்ணி காயவே இல்ல. ஒரு சொம்பு மட்டும் கேஸ்ல வச்சு விளாவி, கை கால் கழுவிவிட்டேன். குளியல் இல்லாம எப்படியோன்னு பயந்துக்கிட்டே படுத்தேன். நான்தான் முதல்ல தூங்கியிருக்கேன். காலையில அத்தை டீயோட வந்து என்னை எழுப்பினாங்க.


பூம்பாறை தம்பி | ஜனவரி 9, மதியம் 12:40

சந்தோஷம் அக்கா. எங்க அம்மா கம்பளி நூல்ல காலுறை பின்னுவாங்க. அத்தைக்கு ஒரு ஜோடி பின்னி அனுப்பறேங்கறாங்க. பாத அளவும் நிறமும் சொல்லுங்க.


கோத்தகிரி மருமகள் | ஜனவரி 9, மதியம் 1:05

குதிகால்ல இருந்து பெருவிரல் வரைக்கும் எட்டே முக்கால் அங்குலம் தம்பி. கணுக்கால் பக்கம் இறுக்காம, விரல் பக்கம் தையல் தடிப்பில்லாம இருந்தா நல்லது. நிறம் கேட்டேன். அரக்குச் சிவப்புதான் வேணுமாம்.